விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்கள்

மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஒலி மூன்று நொடி பின்னால் போய் நின்றது. மறுபடி மிதித்தாள். டாக்டரின் குரல் அதே அவசரத்தோடு அதே வார்த்தைகளைச் சொன்னது. ஐம்பத்தொரு வயது ஆண், நீச்சல் பயிற்சியாளர், நாளை காலை முதல் கேஸ், டோட்டல் கோலெக்டமி, எண்ட் இலியோஸ்டமி.

நான்காவது முறை மிதிக்கவில்லை. மிதித்தாலும் அதையேதான் சொல்வார்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருந்தது தட்டச்சு அறை. டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்து ஃபைலில் சேர்ப்பது அவளுக்கு வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் கொஞ்சம் பின்வாங்கி நிற்கும். வருகிற பதிவுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடைய வயிறு, யாருடைய கண் என்று டைப் அடிக்கிறவளுக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் நாளை காலை முதல் கேஸாக எத்தனை நீச்சல் பயிற்சியாளர்கள் இருக்க முடியும்? மூன்றாவது மாடியில் பதினான்காம் கட்டிலில் படுத்திருப்பவர் அவள் கணவர்.

பதிவு முடிந்தது. விரல் பழக்கத்தில் போய் மேல் வரிசையில் ஒரு விசையைத் தட்டிவிட்டது. திரையில் ஒரு வாக்கியம் முழுதாக வந்து விழுந்தது. 'அறுவை சிகிச்சை பற்றி நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் விளக்கப்பட்டது. புரிந்துகொண்டார்கள்.'

டாக்டர் அதைச் சொல்லவில்லை. எந்த டாக்டரும் சொல்வதில்லை. ஆனால் எல்லா ஃபைலிலும் அது இருந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அடிக்கச் சலித்துப்போய் யாரோ அதை ஒரு விசைக்குள் அடக்கி வைத்தார்கள். யாரோ என்ன, அவளேதான். எட்டு வருடத்துக்கு முன்னால். அன்றைக்கு அந்த அறையில் எல்லாரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள்.

குடும்பத்தார் என்றால் இங்கே அவள். அவளுக்கு என்ன விளக்கப்பட்டது?

மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டரின் அறையில் நடந்தது இவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாகக் கணவருக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். மாத்திரையிலேயே ஓட்டிவிட்டார். வீட்டிலிருந்து நீச்சல் குளத்துக்குப் போகிற வழியில் எந்தக் கடையில், எந்த ஆபீசில் கழிப்பறை திறந்திருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். இந்த முறை குழாய் விட்டுப் பார்த்தபோது நாலைந்து இடத்தில் அணுக்கள் மாறத் தொடங்கியிருந்தன. "இன்னும் கேன்சர் இல்ல. ஆனா அந்தப் பக்கம் திரும்பி நிக்குது" என்றார் டாக்டர். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். "மேடம், உங்களுக்கு நான் சொல்லணுமா? நான் பேசறத தினம் எழுதறதே நீங்கதான். கோலெக்டமி பண்ணிடலாம். ரொம்பத் தள்ளிப் போட வேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள். கணவர் டாக்டர் முகத்தைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது சாதாரணமாக இருந்தது. அவரும் சாதாரணமாக எழுந்தார்.

பஸ்ஸில் கேட்டார். "என்ன பண்ணுவாங்களாம்?"

"கெட்டுப்போன துண்ட வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தெச்சிடுவாங்க. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துடலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நான் ஆயிரம் பாத்திருக்கேன்."

ஒன்றுகூடப் பார்த்ததில்லை. டைப் அடித்திருந்தாள். அவள் அடித்ததில் பத்துக்கு ஒன்பது அப்படித்தான்: பாதி கோலெக்டமி, கால் கோலெக்டமி, வெட்டி இணைப்பது. மிச்சம் ஒன்றும் வந்திருக்கிறது. முழுப் பெருங்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோலில் ஓட்டை போட்டு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் பை மாட்டுவது. எக்டமி என்று முடிந்தால் எடுப்பது, ஆஸ்டமி என்று முடிந்தால் வாசல் வைப்பது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவள்தான் இதைச் சொல்லிக் கொடுப்பாள். ஆனால் எந்த அறிக்கையும் 'வீடு திரும்பினார், நலம்' என்கிற வரியோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்த ஆள் எப்படிச் சாப்பிட்டான், எப்படிப் படுத்தான் என்பது எந்தப் பதிவிலும் வந்ததில்லை. அதனால் அவளைப் பொறுத்தவரை எல்லாருமே நலம்.

அந்த அறையில் அவளுக்கு அகராதி என்று பெயர். எந்த வார்த்தைக்கு எந்த எழுத்து என்று டாக்டர்களே ஃபோன் போட்டுக் கேட்பார்கள். வீட்டுப் பக்கத்தில் அரை டாக்டர். கீழ் வீட்டுக்காரருக்கு நெஞ்சு கரித்தால்கூட ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வருவார். அவளும் படித்துச் சொல்லி அனுப்புவாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

கர்சரை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பிறகு எழுந்து சூப்பர்வைசர் மேஜைக்குப் போனாள்.

"அந்தக் கடைசி வாக்கியம் இல்லாம இத அனுப்பறேன்."

சூப்பர்வைசர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஏன்?"

"யாரும் விளக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"விளக்க வேண்டியது எனக்கு."

சூப்பர்வைசருக்கு விஷயம் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. "அடப்பாவமே. உன் வீட்டு ஃபைல் உனக்கே வந்துடுச்சா? எனக்குத் தள்ளிவிடு, நான் முடிக்கிறேன். அந்த வரி இல்லன்னா தியேட்டர்ல கேஸையே எடுக்க மாட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அகராதி, அகராதி மாதிரியே பேசாத. மேல போய் அவர்கிட்ட ரெண்டு வார்த்த சொல்லிட்டு வா. அப்புறம் அந்த வரி உண்மையாயிடும். நான் அதுவரைக்கும் வச்சிருக்கேன்."

லிஃப்ட் வரவில்லை. படியேறினாள். மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்ய முடியவில்லை.

வார்டில் நாத்தனார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாஸ்டர், அவரை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது, ஆஸ்பத்திரி அங்கியில் மல்லாந்து படுத்துக் கால்களை விறைப்பாக நீட்டி மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க அண்ணி, கட்டில்ல நீச்சல் அடிக்கிறாரு. பக்கத்துக் கட்டில்காரர் மேல தண்ணி தெறிக்குதாம்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கவனித்து மாஸ்டரின் கால் நின்றது.

"என்ன, லீவு போட்டுட்டியா?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. என் தங்கச்சி காத மூடிக்குவா."

"நான் எதுக்கு மூடறேன்? நான் இங்க வந்ததே கேக்கத்தான்" என்றாள் நாத்தனார்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குத் துண்டு எடுக்கல. பெருங்குடல் முழுசையும் எடுக்கறாங்க. ஒட்டுப் போட மாட்டாங்க. சின்னக் குடலோட முனைய வயித்துல வெளிய கொண்டுவந்து வச்சிடுவாங்க. மலம் அது வழியா வரும். மேல ஒரு பை ஒட்டியிருக்கும். எப்பவும்."

விசிறி நின்றது.

மாஸ்டர் வயிற்றின் இடது பக்கத்தைத் தொட்டார். "இங்கயா?"

"வலது பக்கம்."

கையை வலது பக்கம் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொண்டார். "பஸ்ல நீ எனக்கு என்ன சொன்ன?"

"தப்பாச் சொன்னேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்ச மாதிரி."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். "காலைல ஒரு சின்ன டாக்டர் வந்தாரு. கையில ஃபாரம். உக்காந்து சொல்றேன் சார்னு ஸ்டூலக்கூட இழுத்தாரு. நான்தான், வேண்டாம் தம்பி, என் வீட்டுக்காரி இங்கதான் வேல பாக்கறா, எல்லாம் சொல்லிட்டான்னேன். அப்படியா சார், ரொம்ப நல்லதுன்னு ஸ்டூல தள்ளிட்டாரு. அவரு சொல்ல வந்தத நான்தான் தடுத்திருக்கேன். உன் பேரச் சொல்லி."

"அண்ணி, பத்தொம்பது வருஷமா…" என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றார் மாஸ்டர். பிறகு அவளிடம் திரும்பினார். "புதுசா வர்ற பசங்கள நான் நாலடின்னு சொல்லி இறக்கிவிட்டு, உள்ள எட்டடி இருந்தா, அவங்க மூழ்கறது ஒருபக்கம் இருக்கட்டும். அப்புறம் எவனாவது என் குரல நம்பிக் கைய விடுவானா?"

வலது பக்கம் வைத்திருந்த கையை எடுத்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கொஞ்சூண்டு வெட்டி ஒட்டறாங்க, மூணு வாரத்துல வந்துடுவேன்னு. குளத்து கேட்ல நிக்கிற வாட்ச்மேன்வரைக்கும்."

அழைப்பு மணியை அழுத்தினார். வார்டு சிஸ்டர் கையில் பிபி கருவியோடு வந்தாள்.

"சிஸ்டர், காலைல நான் போட்ட கையெழுத்தத் திருப்பிக் குடுங்க."

"கையெழுத்தத் திருப்பிக் குடுக்கறதா? சார், அது ஃபைல்ல போயிடுச்சு."

"ஃபைல்ல இருந்து எடுங்க."

"போட்ட கையெழுத்த எப்படி சார் எடுக்கறது?"

"குடலையே எடுக்கறீங்க. ஒரு கையெழுத்த எடுக்க முடியாதா?"

பக்கத்துக் கட்டில்காரர் இருமுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிஸ்டர் அவளைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்களேன் என்கிற பார்வை. அவள் "அவர் சொல்றதுதான் சரி சிஸ்டர்" என்றாள்.

சின்ன டாக்டர் ஓடி வந்தார். நாளைக்கு முதல் கேஸ் சார், தியேட்டர் போட்டாச்சு, விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது ஆள முதல்ல பண்ணுங்க தம்பி. அவருக்காவது விளக்கிட்டீங்களா?" என்றார். சின்ன டாக்டர், பெரிய டாக்டரிடம் பேசுகிறேன் என்று போனார்.

அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டால்? போகக் கூடிய ஆள்தான். பன்னிரண்டு வருடம் மாத்திரையிலேயே ஓட்டியவர், பதின்மூன்றாவது வருடத்தையும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால்? டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. அந்தப் பக்கம் திரும்பி நிக்குது. பொய்யோடு படுத்திருந்தால் நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னதால் அவர் தப்பித்துப் போய்ச் செத்துப்போனால், அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

"என்னங்க, வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் வேண்டாம்னு சொன்னேனா?" என்றார். "ஒண்ணு கேக்கறேன். அந்தக் குடல் என்ன வேல செய்யுது?"

"எந்தக் குடல்?"

"எடுக்கப் போறாங்களே, அது."

வாயைத் திறந்தாள். "கழிவ வெளிய…"

"அது எனக்கே தெரியும். வெளிய தள்றதுக்கு மட்டும் அஞ்சடி நீளம் எதுக்கு? அது இல்லாம ஒரு ஆள் எப்படி உயிரோட இருக்கான்?"

எத்தனை பெருங்குடல்களை எடுத்ததாக அடித்திருப்பாள். எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், எந்த ஜாடியில் போட்டு எந்த அறைக்கு அனுப்பினார்கள் என்பதுவரை அடித்திருக்கிறாள். அது உள்ளே இருந்தபோது என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் பதிந்து அனுப்பியதில்லை. அவளும் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து அவர் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. நாத்தனாரும் கேட்டதில்லை. நாத்தனார் விசிறியை மடியில் வைத்துவிட்டு, "அப்பாடா" என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது போல, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்க, கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சரி, பேப்பர் எடு. நான் சொல்றேன், நீ எழுது. டாக்டர் வரட்டும், அவருகிட்ட நானே கேக்கறேன்."

கைப்பையில் மருந்துக் கடைச் சீட்டு ஒன்று இருந்தது. அதைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு. அந்தக் குடலுக்கு என்ன வேல. அது இல்லன்னா அந்த வேலைய யாரு பாப்பா. ரெண்டு. நாத்தம் வருமா."

அவள் எழுதினாள்.

"என்ன எழுதின, படி."

"துர்நாற்றம் ஏற்படுமா."

"நான் அப்படியா சொன்னேன்? நாத்தம் வருமான்னேன். நான் சொன்னத மட்டும் எழுது."

அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். மூன்று, சத்தம் வருமா. நான்கு, குப்புறப் படுக்கலாமா. ஐந்து, பை நிறைஞ்சா எனக்குத் தெரியுமா, தூங்கும்போது. ஆறாவதைச் சொல்ல அவர் நேரம் எடுத்துக்கொண்டார். தங்கையைப் போய் டீ வாங்கி வரச் சொன்னார். "எனக்குத் தெரியாதா, நீங்க எதுக்கு விரட்டறீங்கன்னு" என்று நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவள் போனதும் ஆறாவதைச் சொன்னார். அது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். அவள் தலை நிமிராமல் எழுதினாள்.

"இத நீயே கேப்பியான்னு பாத்தேன்" என்றார்.

"எனக்குத் தோணல."

"உனக்குத் தோணாது. எட்டாம் நாள் எல்லாரும் உனக்கு நலம்தான."

அது குத்தல்தான். பொறுத்துக்கொண்டாள். ஏழு, யார்கிட்டயாவது சொல்லியே ஆகணுமா. எட்டு, பின்னால எப்பவாவது திரும்ப உள்ள சேக்க முடியுமா. ஒன்பது, எடுக்காம விட்டா எவ்வளவு நாள். அதை எழுதிவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து, தண்ணிக்குள்ள இறங்கலாமா. இத முதல்ல கேக்கணும். ஆனா பத்தாவதாவே இருக்கட்டும். முதல்ல கேட்டு அவரு இல்லன்னுட்டா மத்தது எதுவும் காதுல விழாது."

"பதினொண்ணு?"

"பதினொண்ணாவது நீ கேளு. உனக்கு என்ன தெரியணுமோ அத."

அவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒன்று எழுதினாள். அவர் படிக்கக் கேட்கவில்லை.

மறுநாள் அறுவை சிகிச்சை நடக்கவில்லை. முதல் கேஸாக வேறொருவரை அழைத்துப் போனார்கள். டாக்டர் பத்தே முக்காலுக்கு வார்டுக்கு வந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், இருபத்தைந்து நிமிடம் இருந்தார். பெருங்குடலின் பெரிய வேலை தண்ணீரை உறிஞ்சுவது, அது போனால் சிறுகுடல் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும், அதுவரை நிறையத் தண்ணீரும் உப்பும் சேர்க்க வேண்டும் என்றார். பை சரியாக ஒட்டியிருந்தால் நாற்றம் வராது. சத்தம் வரும், அதைத் தடுக்க முடியாது. பிற்பாடு உள்ளே சேர்க்க ஒரு ஆபரேஷன் இருக்கிறது, எல்லாருக்கும் ஒத்துவராது, இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். ஒன்பதாவது கேள்விக்குத் தெரியாது என்றார். குளத்தில் இரண்டு மூன்று மாதம் கழித்து இறங்கலாம். ஆறாவதையும் பதினொன்றாவதையும் நாத்தனாரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள்.

இரண்டு மணிக்குப் பை மாட்டக் கற்றுத் தருகிற நர்ஸ் வந்தாள். மாஸ்டரை நிற்கச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், குனியச் சொன்னாள். வயிற்றில் மடிப்பு விழாத இடமாகப் பார்த்துப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். மாஸ்டர் நீச்சல் உடுப்பை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லியிருந்தார். அதை மாட்டிப் பார்த்ததில் வட்டம் இடுப்புப் பட்டிக்கு நேராக இருந்தது. நர்ஸ் அதை அழித்துவிட்டு இரண்டு விரல் மேலே போட்டாள். புது ஃபாரத்தை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லா வரியும் படித்தார். இரண்டு இடத்தில் சின்ன டாக்டரிடம் அர்த்தம் கேட்டார். நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடைசி வரியை இனிச் சேர்க்கலாம் என்று அவள் சூப்பர்வைசருக்கு ஃபோன் செய்தாள். வியாழக்கிழமை இரண்டாவது கேஸ் என்று சொன்னார்கள். நாத்தனார் ஐந்தரை பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். மாஸ்டர் டீ கேட்டார், கொடுத்தார்கள். அவள் அன்று வேலைக்குப் போகவில்லை.